முடியில் ஏறிய களிம்பு

கடையில் அவளுக்குப் பெயர் பவர் அக்கா. மூக்குக்கண்ணாடிக் கடையில் பதினாறு வருடமாக நிற்பவள். உள்ளே வருகிறவர் விலைச்சீட்டைப் படிக்கக் கண்ணைச் சுருக்கும் விதத்தைப் பார்த்தே மைனஸ் ஒன்றரை, ப்ளஸ் இரண்டு என்று வாய்க்குள் சொல்லிவிடுவாள். பிறகு மெஷின் காட்டும் கணக்கு கால் பாயின்ட் தள்ளி வந்தால் அதிகம்.

சுற்றிலும் கண்ணாடி, தலைக்கு மேல் வெள்ளை விளக்கு. ஒரு நாளைக்கு நூறு தடவை தன் முகத்தைத் தானே பார்த்தாக வேண்டிய வேலை. நாற்பது வயதில் வகிட்டோரம் நரை எட்டிப் பார்த்ததும் ஆறு மாதம் பொறுத்துப் பார்த்தாள். ஏழாவது மாதம் கடைத்தெருவில் இருக்கும் பெரிய சலூனுக்குப் போய், நான்கு மணி நேரம் தலையில் வெள்ளித்தாளோடு உட்கார்ந்து, தேன் நிறத்தில் கீற்றுக் கீற்றாகக் கலர் போட்டுக்கொண்டு வந்தாள். அச்சகத்தில் வேலை பார்க்கும் கணவன் இரண்டு சுற்றுச் சுற்றி வந்து, நாலு கலரும் பிசகாமல் சேர்ந்திருக்கிறது, நல்ல பிரிண்டிங் என்றான். அவனிடமிருந்து அதற்கு மேல் பாராட்டு வராது. பதினோரு வயது மகள் முடியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

கலர் போட்ட பெண் கறாரான பேர்வழி. போடுவது என் பொறுப்பு, அடுத்த தடவை வரும்வரை காப்பாற்றுவது உங்கள் பொறுப்பு என்று சொல்லி ஒரு முழுத்தாள் நிறைய எழுதிக் கொடுத்தாள். வாரத்தில் இரண்டு நாளுக்கு மேல் தலைக்கு ஊற்றக்கூடாது. சல்பேட் இல்லாத ஷாம்புதான். கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் கலர் கழன்று ஓடிவிடும், வெதுவெதுப்பு போதும், கடைசியில் பச்சைத்தண்ணீர். முடி மஞ்சளடிக்காமல் இருக்கப் பத்து நாளைக்கு ஒரு தடவை ஊதா ஷாம்பு, அதுவும் மூன்றே நிமிடம். வேரில் நரை தெரிந்தால் தடவிக்கொள்ள ஒரு பவுடர். வெயிலில் தலைக்குத் துணி. பன்னிரண்டு வாரம் கழித்து வந்தால் போதும்.

அவள் அந்தத் தாளைக் குளியலறைக் கதவின் உள்பக்கம் ஒட்டி, அதன்படியே நடந்தாள். புதனும் ஞாயிறும் காலையில் எழுந்ததும் முதல் வேலையாகத் தலைக்கு ஊற்றிக்கொள்வாள். அதற்கு வசதியாகப் புது ஹீட்டர் வந்திருந்தது. பழையது ஓட்டையாகி ஒழுகியதால், மூன்றாம் மாடியில் இவர்கள் வீட்டுக்கும் நான்காம் மாடியில் மேல் வீட்டுக்கும் ஒரே வாரத்தில் ஒரே பிளம்பர் மாட்டிக் கொடுத்தது. உள்ளே செம்புத் தொட்டி, அங்கிருந்து குழாய் வரைக்கும் பளபளவென்று செம்புப் பைப். ஆயுசுக்கும் வரும் என்று பிளம்பர் அதைத் தட்டிக் காட்டிவிட்டுப் போனார்.

வெந்நீர் சுலபமானதும் வீட்டில் ஒரு பழக்கமும் வந்தது. தினமும் காலை மகளுக்கு வெறும் வயிற்றில் ஒரு பெரிய டம்ளர் வெந்நீர். வயிறு சுத்தமாகும், முகம் தெளியும் என்று கடைக்கு வந்த யாரோ சொன்னது. அடுப்பில் முட்டையும் ரொட்டியும் இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்க, தண்ணீருக்கு என்று தனியாகப் பாத்திரம் வைப்பானேன்? ஆறு மணிக்குக் குளியலறைக் குழாயைத் திறந்தால் ஆவி பறக்கக் கொட்டுகிறது. நேரே டம்ளரில் பிடித்து, குடிக்கும் பதத்துக்கு ஆற்றிக் கொடுத்துவிடுவாள். அவளுக்கு டீ இல்லாமல் ஆகாது, அது சமையலறை ஃபில்டர் தண்ணீரில். கணவன் ஐந்தரைக்கே முதல் ஷிஃப்டுக்குப் போய்விடுவான். மையெல்லாம் ஒட்டிக்கொண்டு மாலையில் வந்துதான் குளியல்.

கிட்டத்தட்ட அந்தச் சமயத்தில்தான் மகளுக்கு வயிறு தகராறு செய்யத் தொடங்கியது. காலையில் குமட்டுகிறது என்பாள். பள்ளிக்கூடத்துக்குப் போய் வாந்தி எடுப்பாள். பதினொரு மணிக்குப் பள்ளியிலிருந்து போன் வரும். கிளினிக்கில் டாக்டர் இரண்டு தடவை அமுக்கிப் பார்த்துவிட்டுப் பரீட்சைப் பயமாக இருக்கலாம் என்றார். கணவன் வேறு ஒன்றைக் கண்டுபிடித்தான். பள்ளி உள்ள சனிக்கிழமைகூட வரும், விடுமுறையான ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு ஒன்றும் வருவதில்லை. புதன்கிழமையும் வருவதில்லை. புதன்கிழமை விளையாட்டு பீரியட். பிறகென்ன, நாடகக்காரி என்று பெயர் வைத்துவிட்டான். பவர் அக்காவும் அதை நம்பினாள். கண்ணைப் பார்த்தே பவர் சொல்கிறவளுக்குச் சொந்த மகளின் கள்ளம் தெரியாதா என்று ஒரு நினைப்பு.

ஏழாவது வாரம் ஒரு திங்கட்கிழமை, புதுக் கண்ணாடி வாங்கிப்போக ஒரு பெரியவர் வந்தார். மாட்டிக்கொண்டு நிமிர்ந்து அவளைப் பார்த்தவர், லென்ஸில் கொஞ்சம் பச்சை அடிக்கிறதே என்றார். அது மேல்பூச்சு, எதிரில் இருப்பவர் கண்ணுக்குத்தான் பச்சையாகத் தெரியும், போட்டிருப்பவருக்குத் தெரியாது என்று அவள் வழக்கமான பாடத்தை ஒப்பித்தாள். கழற்றித் துடைத்துக் கொடுத்தாள். பெரியவர் விடவில்லை. சுவரைப் பார்த்தார், கையிலிருந்த ரசீதைப் பார்த்தார், வாசலில் நின்ற காரைப் பார்த்தார். பிறகு அவளிடமே திரும்பினார்.

"மத்ததெல்லாம் சரியாத்தான் இருக்கும்மா. உங்க தலை மட்டுந்தான் பச்சையா இருக்கு."

கல்லாவில் இருந்த பெண் திரும்பிப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டாள். பவர் அக்கா கைக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு வாசல் வெளிச்சத்துக்கு ஓடினாள். உண்மைதான். தேன் நிறக் கீற்று ஒவ்வொன்றிலும், நுனியிலிருந்து காது மட்டம் வரை, குளத்துப் பாசி மாதிரி ஒரு பச்சை. கடை விளக்கில் தினமும் பார்த்துப் பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது அவள் கண்ணுக்குத் தெரியாமலே போயிருக்கிறது.

தப்பு தன்மேல்தான் என்று அவள் முடிவு கட்டினாள். ஊதா ஷாம்புவை மூன்று நிமிடத்துக்குப் பதிலாகப் பத்து நிமிடம் விட்டிருந்தாள், அதுவும் இரண்டு தடவை. சலூனுக்குப் போன் செய்தால் அந்தக் கறார்க்காரி வறுத்தெடுத்துவிடுவாள். ஆகவே தலைக்குத் துணி கட்டிக்கொண்டு வீட்டிலேயே வைத்தியம் பார்க்கத் தொடங்கினாள். இன்னொரு ஷாம்பு. பிறகு பேக்கிங் சோடா. பிறகு, பச்சைக்கு மாற்று சிவப்பு என்று எங்கோ படித்து, ஒரு பாட்டில் தக்காளி சாஸ். கணவன் அடக்கமுடியாமல் சிரித்தான். பச்சைத்தண்ணீரில் அலசச் சொன்னால் பச்சையாகாமல் என்ன ஆகும் என்றான். அன்றைக்கு அது அவளுக்கு எரிச்சலைத்தான் கிளப்பியது.

வியாழக்கிழமை காலை, தலையில் சாஸும் அதற்கு மேல் பிளாஸ்டிக் உறையுமாக அவள் நின்றிருந்த நேரம், மகள் பாதி டம்ளர் வெந்நீரைக் குடித்துவிட்டு, வாய் கசக்கிறது, குமட்டுகிறது, வேண்டாம் என்றாள். அன்று கணக்குப் பரீட்சை. அவள் பொறுமையை எங்கோ விட்டுவிட்டிருந்தாள். பளாரென்று கன்னத்தில் ஒன்று வைத்தாள். மிச்சத்தையும் குடித்தால்தான் இடத்தை விட்டு எழுந்திருக்கலாம் என்றாள். மகள் அழவில்லை. டம்ளரை இரண்டு கையாலும் பிடித்து, கண்ணை மூடிக்கொண்டு, கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டுப் பையை மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

சாஸும் பலிக்கவில்லை. வேறு வழியில்லாமல் அன்று கடைக்கு அரைநாள் லீவு சொல்லிவிட்டு, பத்து மணிக்கு, குற்றவாளி மாதிரி சலூன் படியேறினாள்.

கலர்க்காரி திட்டவில்லை. தலைத்துணியை அவிழ்த்து ஜன்னல் பக்கம் திருப்பி வைத்துப் பார்த்தாள். ஊதா ஷாம்பு கதையை முழுக்கக் கேட்டுக்கொண்டாள். பிறகு, அது முடியை மங்கலாக்கும், இப்படிப் பச்சையாக்காது என்றாள். பின்பக்கத்திலிருந்து ஒரு சிறு கீற்றை வெட்டி, கண்ணாடிக் கிண்ணத்தில் போட்டு, கலருக்குக் கலக்கும் பெராக்சைடை அதன் மேல் ஊற்றினாள். சும்மா முடியாக இருந்தால் அப்படியே கிடக்குமாம். இது நுரை கட்டியது. கொஞ்ச நேரத்தில் கிண்ணத்தைத் தொட்டுப் பார்க்கச் சொன்னாள். கிண்ணம் சுட்டது.

"முடியில உலோகம் ஏறியிருக்கு. செம்புப் பாத்திரத்துல பச்சையா களிம்பு பிடிக்குமே, அதுதான் இது" என்றாள் கலர்க்காரி. "வீட்டுல தண்ணிக் குழாய் ஏதாவது மாத்தினீங்களா?"

அவளுக்குப் பெரிய பாரம் இறங்கியது போல இருந்தது. தன் தப்பு இல்லை. ஹீட்டர் மாற்றியதைச் சொன்னாள், செம்புத் தொட்டியைச் சொன்னாள். கலர்க்காரி தலையாட்டிக்கொண்டே அவள் முடியில் உலோகத்தை உறிஞ்சும் பசையைத் தடவி உறை மாட்டினாள். இந்தப் பகுதித் தண்ணீருக்குப் புளிப்பு அதிகம், புதுச் செம்பை அரித்துவிடும், அதிலும் ராத்திரி முழுக்கத் தொட்டியில் நின்று காலையில் முதலில் வரும் தண்ணீர்தான் மோசம், போன வருடம் இதே மாதிரி ஒருத்தி வந்தாள் என்று பேச்சுவாக்கில் சொல்லிக்கொண்டே போனவள், கையுறையைக் கழற்றும்போது கேட்டாள்.

"அந்தத் தண்ணிய யாரும் குடிக்கறதில்லையே?"

எதிர்க் கண்ணாடியில் தன் வாய் திறந்து அப்படியே நிற்பதை அவளே பார்த்தாள்.

புதன், ஞாயிறு. அந்த இரண்டு நாளும் ராத்திரி முழுக்கத் தொட்டியில் நின்ற தண்ணீர் அவள் தலையில் ஊற்றி முடிந்துவிடும். மகளுக்கு அதற்குப் பிறகு வருவதுதான். மற்ற ஐந்து நாளும் அந்த முதல் தண்ணீர் டம்ளரோடு நேரே மகளின் வயிற்றுக்குள் போயிருக்கிறது. ஏழு வாரம். அவளே பிடித்து, அவளே ஆற்றி, அவளே கையில் கொடுத்தது. இன்று காலை அறைந்து குடிக்க வைத்தது.

"மா, என்ன ஆச்சு? உங்க முகமே சரியில்லையே" என்று கலர்க்காரி தோளைத் தொட்டாள். அவள் திக்கித் திணறி விஷயத்தைச் சொன்னாள். சொல்லிக்கொண்டிருக்கும்போதே அடுத்தது மண்டையில் இடித்தது. மேல் வீடு. அங்கே ஒரு கைக்குழந்தை, ஐந்து மாதம். தாய்ப்பால் போதாமல் பால் பவுடர். ராத்திரியெல்லாம் தூக்கமில்லாமல் அடுப்படியில் தண்ணீர் காய்ச்சிச் சாகிறேன் என்று மாடிப்படியில் அந்தக் குழந்தையின் அம்மா புலம்பியபோது, எதற்கு இந்தப் பாடு, ஹீட்டரிலேயே பிடித்துக் கலக்கிவிடு, நான் என் பெண்ணுக்கு அப்படித்தான் கொடுக்கிறேன் என்று சொன்னது இவள்தான். குழந்தைக்குப் பத்து நாளாக வயிற்றுப்போக்கு என்று போன வாரம்தான் கேள்விப்பட்டாள். பல் முளைக்கிற நேரம், அப்படித்தான் இருக்கும் என்று சமாதானமும் சொல்லியிருந்தாள்.

போன் போட்டாள். மணி அடித்து நின்றது. மறுபடி மறுபடி போட்டாள். குழந்தை தூங்கும்போது அந்தப் பெண் போனைச் சத்தமில்லாமல் வைத்துவிடுவாள். அவள் நாற்காலியிலிருந்து எழுந்து, கழுத்தில் கட்டிய துணியோடு கதவைப் பார்த்து நடந்தாள். தலையைக் கழுவாமல் எங்கே போகிறீர்கள் என்று கலர்க்காரி கேட்கவில்லை. ஸ்கூட்டர் சாவியை எடுத்துக்கொண்டு பின்னாலேயே வந்து, பிளாஸ்டிக் உறைக்கு மேலேயே ஹெல்மெட்டை அவள் தலையில் கவிழ்த்து, ஏறுங்கள் என்றாள். மூன்று சிக்னல். ஒவ்வொரு சிக்னலிலும் பசை நெற்றி வழியாக இறங்கிக் கண்ணை எரித்தது. அவள் துடைக்கவில்லை.

லிஃப்டுக்குக் காத்திருக்கப் பொறுமையில்லை. நாலு மாடியும் ஏறிக் கதவைத் தட்டினாள். மணியடித்தாள். மறுபடி தட்டினாள். கதவு திறந்தபோது மேல் வீட்டுப் பெண் ஒரு தோளில் குழந்தையும் மறு கையில் பால் பாட்டிலுமாக நின்றாள். பாட்டில் ஆவியில் மங்கியிருந்தது.

"அதைக் கொடுக்காதே" என்றாள் பவர் அக்கா. மூச்சு வாங்கியது. "அந்தத் தண்ணியில செம்பு இருக்கு. ஹீட்டர் தண்ணி. கொடுக்காதே."

ஹெல்மெட், அதற்குக் கீழே வழியும் பசை, பின்னால் சலூன் உடுப்பில் ஒருத்தி. மேல் வீட்டுப் பெண் கொஞ்ச நேரம் ஒன்றும் புரியாமல் பார்த்தாள். பிறகு பாட்டிலைப் பார்த்தாள். பாட்டிலைத் தரையில் வைத்துவிட்டு, குழந்தையை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு, மெதுவான குரலில் கேட்டாள்.

"நீங்கதானேக்கா சொன்னீங்க?"

ஆமாம் என்று சொல்வதைத் தவிர அவளிடம் வேறு ஒன்றும் இல்லை. சொன்னாள்.

அதற்குப் பிறகு எல்லாம் கலர்க்காரி செய்தது. டாக்சி கூப்பிட்டதும், பாட்டிலை அப்படியே மூடிப் பையில் போட்டதும், இரண்டு வீட்டுக் குழாயிலிருந்தும் தனித்தனியாகத் தண்ணீர் பிடித்து எடுத்துக்கொண்டதும் அவள்தான். போகிற வழியில் பள்ளியில் நிறுத்தி மகளையும் ஏற்றிக்கொண்டார்கள். மகள் அன்றைக்கும் வாந்தி எடுத்து, ஆபீஸ் அறை பெஞ்சில் படுத்திருந்தாள். போன் வரவில்லையே என்று இவள் பார்த்தால், இவள் மேல் வீட்டுக்குப் போன் போட்டுக்கொண்டே இருந்ததில் பள்ளியின் அழைப்பு உள்ளே வரவே இல்லை.

ஆஸ்பத்திரியில் இரண்டு குழந்தைகளுக்கும் ரத்தம் எடுத்தார்கள். கல்லீரலுக்கு ஒன்றும் ஆகவில்லை, சரியான நேரத்தில் வந்தீர்கள், தண்ணீரை நிறுத்தினால் உடம்பு தானே சரியாகும் என்று டாக்டர் சொன்னார். அவளுக்குச் சரியான நேரம் என்ற சொல் மட்டும் உள்ளே இறங்கவே இல்லை. ஏழு வாரம் கழித்து வந்ததற்குப் பெயர் சரியான நேரமா? கைக்குழந்தைக்கு நாலு நாளில் வயிற்றுப்போக்கு நின்றது. மகள் அடுத்த நாளிலிருந்தே வாந்தி எடுக்கவில்லை. ஒரு வாரத்தில் வந்த தண்ணீர் ரிப்போர்ட்டில், பகலில் பிடித்ததிலேயே செம்பு இருக்கலாம் என்ற அளவைப் போலப் பல மடங்கு. பிளம்பர் வந்து, குளிக்கத்தானே மாட்டினேன், குடிப்பீர்கள் என்று யார் கண்டது என்றார். கணவன் ஸ்பேனரை வாங்கி, பைப்பைத் தானே கழற்றினான்.

முடியைப் பற்றிக் கேட்டால், பசை அளவுக்கு மீறி நின்றுவிட்டதில் பச்சை போனதோடு முடியும் நார் மாதிரி ஆகிவிட்டது. கலர்க்காரி தோள்வரை வெட்டிவிட்டாள். கண்ணாடியில் பார்க்கச் சொன்னபோது, இவள் சரி என்று மட்டும் சொன்னாள்.

மகளிடம் அவள் அன்று மாலையே சொல்லியிருந்தாள். கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, தண்ணீர், செம்பு, புதன், ஞாயிறு எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னாள். அறைந்ததற்கு மன்னிப்புக் கேட்டாள். மகள் கூரையைப் பார்த்துக்கொண்டு கேட்டாள். எல்லாம் முடிந்த பிறகு ஒரே ஒரு கேள்வி.

"அப்ப நான் பொய் சொல்லலதானே?"

"இல்லம்மா. ஒரு நாள்கூட நீ பொய் சொல்லல."

மகள் எழுந்து போய்ப் பையிலிருந்து பள்ளி டைரியை எடுத்து வந்தாள். ஒரு பக்கத்தைப் பிரித்து அம்மா மடியில் வைத்தாள். நாலு வாரத்துக்கு முந்தைய தேதி. அவளுடைய கையெழுத்துதான். வகுப்பு ஆசிரியைக்கு எழுதியது. 'வயிற்றுவலி என்று சொன்னால் தயவுசெய்து நம்ப வேண்டாம். வகுப்பிலேயே உட்கார வையுங்கள்.' எழுதியதே அவளுக்கு மறந்து போயிருந்தது. மகளுக்கு மறக்கவில்லை. டீச்சர் அதை வகுப்பில் சத்தமாகப் படித்தார்களாம். அதற்குப் பிறகு மகள் குமட்டினாலும் கையைத் தூக்குவதில்லையாம். வாயில் வந்ததை விழுங்கிவிட்டு மணி அடிக்கக் காத்திருப்பாளாம். முடியாத நாளில்தான் போன் வந்திருக்கிறது. போன் வராத நாளையெல்லாம் உடம்பு நன்றாக இருந்த நாள் என்று இவர்கள் நினைத்திருக்கிறார்கள்.

கிழித்துவிடவா என்று அவள் கேட்டாள். வேண்டாம், அதுக்குக் கீழே எழுது என்றாள் மகள்.

எழுதினாள். என் மகள் சொன்னது எல்லாம் உண்மை, வீட்டுத் தண்ணீரில் செம்பு கலந்திருந்தது, நான் நம்பாமல் போனது என் தவறு, இதையும் தயவுசெய்து வகுப்பில் சத்தமாகப் படியுங்கள். மகள் டைரியை வாங்கி ஒவ்வொரு வரியாகப் படித்தாள். ஒரு இடத்தில் விட்டுப்போன புள்ளியைத் தானே வைத்தாள்.

ஏழு மணிக்குக் கணவன் வந்தான். விஷயம் போனிலேயே தெரியும். கையில் மை கழுவாமல் அப்படியே வாசலில் நின்றான். அவனிடம் மகள் டைரியையும் பேனாவையும் நீட்டினாள்.

"நீயும் போடுப்பா" என்றாள்.

அவன் சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு, சுவரில் வைத்துக் கையெழுத்துப் போட்டான்.